‘இதர’ என்ற கட்டத்தில் இருவர்

நேற்று சமையலறை அலமாரியைக் காலி செய்தேன். கரப்பான்பூச்சிகள் என்னைக் கேட்காமலேயே குடும்பம் பெருக்கிவிட்டன. இந்த வீட்டில் பெருகுகிற குடும்பம் அது ஒன்றுதான். மேல்தட்டில் விரித்திருந்த பழைய தாளை உரித்தபோது பெருங்காயமும் பிரிண்டர் மையும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டு, வெளிர்பச்சைக் கோடு ஓடும் அந்த நீளத் தாள். நம் ஆபீசில் கட்டுக்கட்டாக வீணாகும். நீ பையில் சுருட்டி எடுத்துவந்து வீடு முழுக்க விரிப்பாய். தாள் நிறைய பூஜ்யமும் ஒன்றும். ஓரத்தில் பென்சிலால் நம் மேனேஜரின் தலையை வரைந்திருந்தாய், மேலே இரண்டே முடியுடன். எண்ணெய்க் கறைக்கு நடுவிலிருந்து மனிதர் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வேலைக்கு வரும் லட்சுமி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, யார் வரைந்தது என்று கேட்டாள். முன்னே இங்கே என்னோடு இருந்தவங்க என்றேன்.

“உங்களுக்கு அவங்க இன்னா வேணும்க்கா?”

நம் பாஷையில் உறவை இப்படித்தான் கேட்கிறோம். மாமா வேணும், சித்தி வேணும், ஒன்றுவிட்ட அண்ணன் வேணும். லட்சுமி துடைப்பத்தைச் சாய்த்துவைத்துப் பதிலுக்குக் காத்திருந்தாள். தெருவில் யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை விரல்நுனியில் வைத்திருக்கிற நான் பேச்சை மாற்றினேன். பெருங்காய டப்பாவை வெயிலில் வைக்கச் சொன்னேன். அவளுக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். நீ எனக்கு என்ன வேணும் என்பதற்கு இதுவரை யாருமே ஒரு கட்டம் கொடுத்ததில்லை. நாமோ ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் கட்டத்தில் போட்டுப் பிழைத்தவர்கள். சிரிப்பு வருகிறதா, எனக்கும்தான்.

வாணியம்பாடியிலிருந்து புள்ளியியல் பட்டமும் ஒரு தகரப் பெட்டியுமாக நான் இந்த பெங்களூருக்கு வந்தபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஊரில் நாலைந்து கதைகள் உலவின. எல்லாமே உண்மையைவிட சுவாரசியமானவை என்பதால் நான் எதையும் மறுக்கவில்லை. நம் கம்பெனியின் தொழில் சந்தை ஆய்வு. பையன்களும் பெண்களும் வீடு வீடாகப் போய் என்ன டீத்தூள், என்ன சோப்பு, வீட்டில் யார் யார் என்று கேட்டு எழுதிவருவார்கள். கம்ப்யூட்டருக்குச் சொல் புரியாது, எண் வேண்டும். சொல்லை எண்ணாக்குவது நம் பிழைப்பு. தாய்மொழி என்றால் கன்னடம் ஒன்று, தமிழ் இரண்டு, தெலுங்கு மூன்று, உருது நான்கு.

முதல் வாரத்தில் நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். சாகும்வரை மறக்கவில்லை நீ, எவரையும் மறக்கவிடவுமில்லை. வயதுக்குச் சராசரி எடுத்தேன், வருமானத்துக்குச் சராசரி எடுத்தேன், எடுத்த கையோடு தாய்மொழிக்கும் எடுத்துவிட்டேன். அழகாக டைப் அடித்து, அடிக்கோடிட்டு, ‘சராசரித் தாய்மொழி: இரண்டரை’ என்று உன் மேஜையில் வைத்தேன். நீ சிரிக்கவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அறையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டாய்.

“ரெண்டரைன்னா தமிழுக்கும் தெலுங்குக்கும் நட்ட நடுவுல. சரியாத்தான் போட்டிருக்கா. ஓசூர்ல பேசறாங்கல்ல, அந்த பாஷை.”

அன்றிலிருந்து உனக்கு நான் வாணியம்பாடி. என் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது. மத்தியானம் நீயாகவே டீ வாங்கிக் கொடுத்தாய். எதிரே நிறுத்தத்தில் வந்துகொண்டிருந்த பஸ்களைக் காட்டி, “அதுக்கும்தான் நம்பர் இருக்கு. ரெண்டு பஸ் நம்பரையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டு நின்னேன்னா எந்த ஊருக்குடி போவே?” என்றாய். எண் கொடுத்ததால் ஒன்று எண்ணாகிவிடாது. அது வெறும் பெயர்ப்பலகை. இதைப் பட்டப்படிப்பில் நான் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். பரீட்சையில் எழுதியது வேறு, பஸ் ஸ்டாப்பில் உறைத்தது வேறு.

அப்புறம் நாம் சேர்ந்து செய்ததெல்லாம் அந்தப் பூஜ்யமும் ஒன்றும்தான். ஒவ்வொரு பதிலுக்கும் தனியாக ஒரு காலம். காலம் என்றால் நேரமில்லை, தாளில் மேலிருந்து கீழே ஓடுவது. கன்னடக் காலம், தமிழ்க் காலம், தெலுங்குக் காலம். பதில் சொன்னவர் அந்த மொழிக்காரரானால் அங்கே ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். கேட்கச் சுலபம். ஆனால் தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்துக்குப் போன நம் பையன்கள் ‘தமிழ்’ என்பதை ஆங்கிலத்தில் அவரவர் பாட்டன் சொத்து மாதிரி எழுதிவந்தார்கள். ‘ஹெச்’ போட்டவன், போடாதவன், கடைசியில் ‘எல்’ போட்டவன், ‘இசட் ஹெச்’ போட்டு மொழிப்பற்றைக் காட்டியவன். மிஷின் ஒவ்வொன்றையும் ஒரு தனி பாஷையாக எடுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி முடித்தும் ஒரு தமிழ் மட்டும் தனியாக நின்றது. எழுத்தெல்லாம் சரி; என்ன கோளாறு என்று நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். நீதான் கண்டுபிடித்தாய்: சொல்லுக்குப் பின்னால் எவனோ ஒரு இடைவெளி விட்டிருந்தான். “பின்னாடி கொஞ்சம் காலி இடம் இருந்துச்சு, அதான் சேத்துக்கல” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரிப்பு சீக்கிரம் நின்றது.

உன் பின்னால் இருந்த காலி இடம் எனக்கு மெள்ளத்தான் தெரிந்தது. மல்லேஸ்வரத்துக் குடும்பம், தாத்தா மைசூர் சமஸ்தானத்து உத்தியோகம், சமையலறையில் தமிழ், வாசல் கேட்டில் கன்னடம். நீ எண்ணுவது கன்னடத்தில், திட்டுவது தமிழில், சலித்துக்கொள்வது மட்டும் “பேஜார்” என்று உருதுவில். மைசூரில் பெரிய கூட்டுக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்து, இரண்டு வருஷத்தில் ஒரு பெட்டியோடு நீ திரும்பி வந்தவள். விவாகரத்து வாங்கவில்லை, அதற்கும் அந்த வீட்டு ஆட்களோடு கோர்ட்டில் உட்கார வேண்டுமே என்றாய். அண்ணன் வீட்டில் உனக்கு ஒரு அறை இருந்தது, அந்த அறைக்கு ஒரு பெருமூச்சும் இருந்தது. நானோ விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேடி இளைத்துக்கொண்டிருந்தேன். ஆளுக்குப் பாதி வாடகை என்று ஈஜிபுராவில் இந்த வீட்டைப் பிடித்தோம்.

கீழ்வீட்டு ஓனரம்மா நம்மை மேலும் கீழும் பார்த்து, இருவரும் “ஏனாகபேகு?” என்றாள். கன்னடத்தில் உறவை அப்படிக் கேட்பார்கள், என்ன ஆகவேண்டும் என்று. நீ தயங்கவே இல்லை. “எல்லாம் ஆகிப்போச்சு ஓனரம்மா, இனி ஆகறதுக்கு ஒண்ணுமில்ல” என்றாய். அந்தம்மாவுக்குப் பாதி புரிந்து, நாம் இருவரும் விதவைகள் என்று முடிவு செய்து, முதல் மாதம் முழுக்க வெற்றிலை பாக்குக்குக் கூப்பிடவில்லை. நான் குமரி என்று தெரிந்ததும் இன்னும் வருத்தப்பட்டாள்.

இந்த வீட்டில் நாம் எட்டு வருஷம் இருந்தோம். சண்டை போட்டதெல்லாம் தோசைக்கல்லை யார் சீகக்காய் போட்டுத் தேய்த்துக் கெடுத்தது என்பது போன்ற தலைபோகிற விஷயங்களுக்கு. என் குறட்டைக்கு நீ ஒரு அளவுகோல் வைத்திருந்தாய்: மிதம், நடுத்தரம், ஜோலார்பேட்டை ஜங்ஷன். இதை நீ ஆபீசிலும் சொல்லி, எவனோ அதற்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்தான். “இதுக்குக் குடுக்கலாம், இதுல வரிசை இருக்கு” என்று நீ தீர்ப்பு சொன்னாய்.

அந்த டீத்தூள் ஆய்வு வந்ததே, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் நகராது. விலை கூடின டீத்தூளை எந்த மாதிரி வீட்டில் வாங்குகிறார்கள் என்று ஒரு கம்பெனி கேட்டது. வீடுகளை நாலாகப் பிரித்தோம்: கூட்டுக் குடும்பம், தனிக் குடும்பம், தனி ஆள், இதர. நாலு வகைக்கு மூன்று காலம் போதும். மூன்றிலும் பூஜ்யம் என்றால் அது நாலாவது என்று தெரிந்துவிடுகிறது. அப்படிக் காலம் இல்லாமல் விடுபடுகிறவர்தான் அடிப்படை. மற்றவர்கள் எல்லாம் அவரைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைச்சல் என்றுதான் விடை வரும். யாரை விடுவது என்று நாம் சொல்லாவிட்டால் மிஷின் ஆங்கில அகரவரிசையில் முதலில் நிற்பவரை எடுத்துக்கொள்ளும். முதலில் நின்றது கூட்டுக் குடும்பம்.

“பாரேன், மிஷினுக்குக்கூட மாமியார் வீடுதான் ஆரம்பம். அங்கேருந்து நாம எவ்ளோ தூரம் கெட்டுப்போயிருக்கோம்னு கணக்கு சொல்லுது.”

சொல்லிவிட்டு நீ சும்மா இருக்கவில்லை. தனி ஆளை அடிப்படையாக மாற்றி மறுபடி ஓட்டினாய். பிளஸ் எல்லாம் மைனஸ் ஆயின. மறுநாள் மேனேஜர் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். டில்லியிலிருந்து வந்தவர், நல்லவர்தான், எண்ணுக்கு முன்னால் கோடு விழுந்தால் மட்டும் வியர்த்துவிடும். நேற்று வாங்கினவர்கள் இன்று எப்படி வாங்காமல் போனார்கள் என்று கேட்டார். கணக்கு மாறவில்லை சார், எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது என்று நீ பொறுமையாகச் சொன்னாய். அவர் பழையபடியே நின்று பார்க்கும்படி உத்தரவிட்டார்.

அத்தோடு விட்டாரா. ‘இதர’வில் ஆட்கள் கொஞ்சம்தான், அதை எடுத்துவிடு என்றார். இரண்டு சிநேகிதிகள் சேர்ந்து இருக்கும் வீடு, மச்சினர்கள் இருவர் சேர்ந்து சமைக்கும் அறை, எங்கேயும் சேராத ஒரு கிழவரும் அவருடைய பழைய டிரைவரும் இருக்கும் வீடு. ஈஜிபுராவில் நம் தெருவிலிருந்தே மூன்று இருந்தன. நீ எழுந்து நின்றாய்.

“அவங்க வேற யாரோ இல்ல சார். நாங்க. நாங்களும் டீ குடிக்கிறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். நானும் சிரித்தேன், நீ வேடிக்கைக்குத்தான் சொன்னாய் என்று நினைத்து. ‘இதர’வை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டியபோது விடையில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. சாயங்காலம் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாய். டொம்லூர் தாண்டியபிறகு ஒன்றே ஒன்று சொன்னாய்: “நாம இல்லாமலே கணக்கு சரியா வருதுடி.” நான் ஏதாவது கேலி பேசியிருப்பேன், அதுதானே என் பழக்கம். என்ன பேசினேன் என்று நினைவில்லை. நீ சொன்னது மட்டும் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் மத்தியானம் ஆபீசில் உன் கையிலிருந்து டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். உன் பெயர், வயது எல்லாம் தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

திரையை எட்டிப் பார்த்தேன். அப்பா, அம்மா, கணவன், மகன், மகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, இதர. யார் இதைத் தொகுத்தார்களோ, நம்மைப் போல இரண்டு பேர் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே தொகுத்திருப்பார்கள். இதர என்றால் உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா என்றேன். அவள் இரண்டு அடையாள அட்டையையும் பார்த்தாள். அப்பா பேர் வேறு வேறாக இருக்கிறதே என்றாள்.

“எங்கப்பா அந்தக் காலத்துல அடிக்கடி பெங்களூருக்கு வந்து போயிட்டிருந்தாரும்மா.”

அந்தப் பெண் காதுவரை சிவந்து, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தட்டிவிட்டாள். ஜோலார்பேட்டையைத் தாண்டி எங்கும் போகாத மனிதர் என் அப்பா. பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து, வாழ்நாளெல்லாம் நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். மேலே இருந்து கேட்டிருந்தால் இரண்டாவது தடவை செத்திருப்பார்.

உனக்கு அப்போது கொஞ்சம் நினைவு திரும்பியிருந்தது. வாயின் ஒரு பக்கம் இழுத்திருந்தது. குனிந்து, இனிமேல் நான் உன் தங்கச்சி, எங்கப்பா உபயம் என்று நடந்ததைச் சொன்னேன். நல்லாயிருந்த பக்கத்தால் நீ சிரித்தாய். சொல் ஒவ்வொன்றாக வந்தது.

“அப்ப… வாணியம்பாடி வீட்டுல… எனக்குப் பங்கு உண்டா?”

உண்டு, பின்கட்டு முழுக்க உனக்குத்தான் என்றேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. நீ கண்ணை மூடிக்கொண்டாய், பின்கட்டைப் பார்க்கப் போகிற மாதிரி.

உன் அண்ணன் வந்தார். பாவம், பதறிப்போய் வந்திருந்தார்; செருப்புகூட இரண்டும் வேறு வேறு. அந்தப் பெண் என்னைக் காட்டி, இவங்களும் உங்க தங்கைதானே என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். யோசித்ததாகத் தெரியவில்லை. “இல்லம்மா, கூட வேலை பாக்கறவங்க” என்றார். பொய்யில்லையே. அவள் ஒரு விசையைத் தட்டினாள். நான் வெளியே பெஞ்சுக்கு வந்துவிட்டேன். நீ போன செய்தியை அந்த பெஞ்சில் இருந்தபடிதான் கேட்டேன், வேறொரு நோயாளியின் மாமியார் சொல்லி.

மல்லேஸ்வரத்து வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம். தாலி கட்டினவன் இருக்கிறானாம், சுமங்கலியாம். அந்தக் கோலத்தைப் பார்த்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், அச்சில் ஏற்ற முடியாது. நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன். எடுத்துப் போனபிறகு பெண்கள் குளிக்க வரிசையாகப் போனார்கள். உன் அத்தை ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை நாள் தீட்டு என்று கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடுமாற்றமும் இல்லை. நம் ஆபீசில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் வேலை பாதி நேரத்தில் முடிந்திருக்கும். உறவைச் சொன்னால் எண் வந்து விழுகிறது. நமக்கு எத்தனையோ தலைமுறை முந்தியே இந்தத் தொழிலை ஆரம்பித்துவிட்டார்கள்.

கட்டிக்கொடுத்த பெண் என்பதால் அண்ணனுக்கு மூன்று நாள். மைசூர் வீட்டுக்குப் பத்து. உன் புருஷன் வரவில்லை. ஆள்விட்டுச் சொன்னதற்கு, அங்கேயே முறைப்படி அனுசரித்துக்கொள்கிறோம் என்று பதில் வந்ததாம். உன் கையால் ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடித்துப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகிவிட்ட மனிதருக்கு முழுசாகப் பத்து நாள். எனக்கு ஏதோ ஆத்திரம் வந்து, அத்தை எதிரே போய் நின்றேன். எனக்கு என்று கேட்டேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடுமையே இல்லை, அழுது வீங்கின கண்.

“உனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ வெளி மனுஷி. வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்திக்கிட்டா போயிடும்.”

நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. என் முதுகில் தட்டிக்கொடுத்து, நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். போனேன். ஆபீசிலும் துக்கத்துக்கு விடுப்பு கேட்கும் தாளில் உறவு எழுதச் சொன்னார்கள். அத்தை கணக்கும் ஆபீஸ் கணக்கும் ஒத்துப்போயின. உன் மேஜையில் வாரக் கடைசிக்குள் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள். கெட்டிக்காரி. தாய்மொழிக்குச் சராசரி எடுக்கவில்லை.

இப்போது இந்த வீட்டுக்கு முழு வாடகையும் நானே கொடுக்கிறேன். கீழே ஓனரம்மாவின் மருமகள் காலம். அவள் என்னை எந்த வகையில் வைத்திருக்கிறாள் என்று நான் விசாரிக்கவில்லை. குறட்டை எந்த அளவில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. ஆபீசில், கல்யாண வீடுகளில், ரயிலில் எதிர் சீட்டில், நான் பேசினால் இன்னும் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்து அவரவர் இறங்கிப் போகிறார்கள்.

அத்தை சொன்னபடி அன்று செய்தேன் என்பதை உனக்குச் சொல்லவேண்டும். மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கதவைத் திறந்து, வெந்நீர்கூடப் போடாமல், கட்டின புடவையோடு உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். தொட்டி காலியாகும்வரை ஊற்றினேன். எண் இல்லாத துக்கம், ஒரு சொம்பில் போய்விட வேண்டியது. இத்தனை வருஷமாகத் தினமும் குளித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போகவில்லையடி.